செபமும் சிகிச்சையும்



நான் குருத்துவத் திருநிலை பெற்ற முதலாம் ஆண்டில் ஒரு தாய் தம் மகனை அறைவீட்டிற்கு அழைத்து வந்தார். உயர்தரம் பயின்றுகொண்டிருந்த அவன் புத்தகங்களை மூடிவிட்டான், குளிப்பதையும் மறந்தான், தனித்திருக்கையில் யாருக்கோ பதில் கூறிக்கொண்டிருந்தான். அயலவர் தன் உணவில் நஞ்சிடுவதாக உறுதியாக நம்பினான். "இது பிசாசின் வேலையோ, சுவாமி?" என்று தாய் கேட்டார். நான் அவன் தலைமீது கைவைத்துச் செபித்து, தீர்த்தம் தெளித்து அனுப்பிவிட்டேன். வைத்தியரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் வைத்தியசாலையை அடைய மேலும் ஓராண்டு சென்றது. அந்த ஓராண்டுக்கு நானும் பொறுப்பாளி.

அவனுக்கு வந்திருந்தது மனச்சிதைவு நோய். வைத்தியர்கள் இதனைச் சிசோபிரினியா என்பர். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தலைகாட்டும். இல்லாத குரல்களைக் கேட்டல், ஆதாரமற்ற ஐயங்களை அசையாது நம்புதல், தொடர்பின்றிப் பேசுதல் என்பன வெளிப்படையான அறிகுறிகள். ஒதுங்கியிருத்தல், முகத்தில் உணர்ச்சி வற்றுதல், எதிலும் நாட்டமின்மை என்பனவும் அறிகுறிகளே. இவற்றையே நாம் சோம்பல் என்றும் திமிர் என்றும் ஏசுகின்றோம்.

இரத்தப் பரிசோதனையோ மூளையின் ஸ்கேன் படமோ இந்நோயை நேரடியாகக் காட்டிவிடாது. போதைப்பொருள், வலிப்பு, தைரொயிட் கோளாறு போன்ற வேறு காரணங்கள் உண்டா என அறியவே அவை உதவும். அறிகுறிகள் எப்போது தொடங்கின, எவ்வளவு காலம் நீடித்தன என்று நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் பொறுமையாகக் கேட்டே வைத்தியர் முடிவுக்கு வருகின்றார். வெட்கத்தினால் நாம் மறைப்பவை நோயறிதலைத் தாமதப்படுத்தும். சிகிச்சை பிந்தப் பிந்த நலம் பெறுதலும் கடினமாகும்.

திருச்சபை 1999ஆம் ஆண்டு வெளியிட்ட, பேயோட்டுதல் பற்றிய திருத்திய வழிபாட்டு நூல், உளநோயாளரைப் பேய்பிடித்தவரென எளிதில் எண்ணலாகாது என எச்சரிக்கின்றது. ஆயரின் சிறப்பு அனுமதியின்றி எந்தக் குருவும் அச்சடங்கை நிறைவேற்ற இயலாது. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமோ, நோயுற்றவர் இறைவனை மன்றாடவும் வேண்டும், வைத்தியருக்கு இடமளிக்கவும் வேண்டும் எனக் கற்பிக்கின்றது. செபக் கூட்டத்தில் சுகம் கிடைத்துவிட்டதென மாத்திரைகளை நிறுத்துவது விசுவாசமன்று. நோய் திரும்பி வரக் கதவு திறப்பதாகும்.

அந்த மகன் இன்றும் மருந்து எடுக்கின்றார். தந்தையின் கடையில் கணக்குப் பார்க்கின்றார். ஞாயிறு திருப்பலியில் கடைசி வாங்கில் அமர்கின்றார். அவருக்கு அருகிலுள்ள இடம் மட்டும் எப்போதும் வெறுமையாகவே இருக்கின்றது. வரும் ஞாயிறு அவ்விடத்தில் அமரப்போவது யார்?