அவரவர்க்கு அவரவர் வேலை

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று, மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு சிறு உவமை திருப்பலியில் வாசிக்கப்படுகின்றது. நெடும்பயணம் செல்லும் தலைவர் ஒருவர் தம் வீட்டை ஊழியரிடம் ஒப்படைத்துச் செல்கின்றார். அன்று விழித்திருத்தலைப் பற்றியே நாம் மறையுரை ஆற்றுகின்றோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே ஆற்றியுள்ளேன். ஆயினும் விழித்திருக்கச் சொல்வதற்கு முன்னரே அத்தலைவர் செய்துவிட்ட இரு காரியங்களை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். ஊழியருக்கு அவர் அதிகாரம் அளிக்கின்றார். அவரவர்க்கு உரிய வேலையையும் குறித்துக் கொடுக்கின்றார். விழிப்பாயிருத்தல் வாயிற்காவலரின் வேலை என்பதுகூட அங்கே தனியாகச் சொல்லப்படுகின்றது.

இவ்வசனத்தை நான் ஊன்றி வாசிக்கக் காரணமாயிருந்தது ஒரு பலசரக்குக் கடை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பங்கில், ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு மாலை வேளையில் குருமனைக்கு வந்தார். மகளுக்கு இருபது வயதிருக்கும். அவள் வேலை செய்த கடையில், பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தர்கள் காலாவதியான பால்மா டின்களைக் கண்டெடுத்திருந்தனர். முதலாளி நீதிமன்றத்தில் தண்டப்பணம் செலுத்தினார். திரும்பி வந்ததும் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "திகதி பார்ப்பது உன்னுடைய வேலை என்று இவளிடம் ஒருவரும் சொல்லவில்லை, பாதர்" என்றார் தாய்.

முதலாளியும் நம் பங்கைச் சேர்ந்தவரே. திருவிழாச் செலவுக்கு முதலில் கைகொடுப்பவர்; கல்நெஞ்சர் அல்லர். திகதி பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று அவரிடம் கேட்டேன். சற்றும் தயங்காமல், "எல்லாருக்கும் சொல்லித்தான் வைத்திருந்தேன், பாதர்" என்றார்.

அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்லிலேதான் சிக்கல் இருந்தது. கடையில் ஐவர் வேலை செய்தனர். ஐவருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டதை, மற்ற நால்வரில் ஒருவர் செய்திருப்பார் என ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர். மேலும் விசாரித்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. திகதி கடந்த டின்னை அவள் கண்டிருந்தாலும், முதலாளியையோ அவருடைய தம்பியையோ கேளாமல் அதைத் தட்டிலிருந்து எடுக்க அவளுக்கு அனுமதி இல்லை. காலையில் முதலாளி களஞ்சிய அறையைத் துப்புரவு செய்யச் சொல்வார். சற்று நேரத்தில் தம்பி வந்து வாடிக்கையாளரைக் கவனிக்கச் சொல்வார். இரு தலைவர்களுக்கு ஒருவர் ஊழியம் செய்ய இயலாது என்று ஆண்டவர் மொழிந்தது கடவுளையும் செல்வத்தையும் பற்றியே எனினும், அக்கடைக்கும் அது பொருந்தியது. அவளுக்கு வேலையும் வரையறுத்துக் கொடுக்கப்படவில்லை, அதிகாரமும் அளிக்கப்படவில்லை. பழி மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

இதை நிர்வாகக் குறைபாடு என்று மட்டும் சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை. இது நீதி பற்றிய விடயம். தலைவரின் விருப்பத்தை அறிந்து தவறிய ஊழியரையும் அறியாது தவறிய ஊழியரையும் லூக்கா நற்செய்தி (12:47-48) ஒரே தராசில் நிறுப்பதில்லை. நம் கடைகளிலோ, அறியாதவருக்கே பெரும்பாலும் அடி அதிகம் விழுகின்றது.

நம் நாட்டின் சட்டமும் இதில் ஓரளவு அக்கறை கொண்டுள்ளது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, ஒருவரை வேலைக்கு அமர்த்தும் நாளிலேயே பதவி, சம்பளம் முதலிய விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். எத்தனை சிறு கடைகளில் அது நடைபெறுகின்றது என்பதை வாசகர்களே அறிவர். கொடுத்தாலும், 'விற்பனை உதவியாளர்' என்ற ஒரு சொல்லால் பால்மாத் தட்டு யாருடையது என்பது தெரிந்துவிடாது.

முதலாளிமார் சொல்லும் மறுமொழியும் எனக்குத் தெரியும். "பிரித்துக் கொடுத்தால், 'அது என் வேலையல்ல' என்று ஒதுங்கி நிற்பார்கள், பாதர்." இதில் உண்மை இல்லாமலில்லை. சிறு கடையில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கைகொடுப்பது வேறு, பதில் சொல்வது வேறு. பலர் கைகொடுக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே என்பது அவருக்கும் மற்றவர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 32ஆம் அதிகாரம் கருவிகளையும் உடைகளையும் பற்றியது. எதை யாரிடம் கொடுத்தோம், எதைத் திரும்பப் பெற்றோம் என்பதை அறியும்படி மடத்தின் தலைவர் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்கின்றது. கவனக்குறைவாய் நடந்தவரைக் கண்டிப்பதும் அதே அதிகாரத்தில் உண்டு. ஆனால் பட்டியலுக்குப் பின்னரே அது வருகின்றது. ஜெபிப்பதற்காகவே கூடி வாழ்ந்தவர்களுக்கே பட்டியல் தேவைப்பட்டதெனில், பால்மா விற்பவர்களுக்குத் தேவையில்லையா?

முதலாளி ஈற்றில் அப்பெண்ணை மீண்டும் அழைத்தார். அவள் செல்லவில்லை. மற்ற நால்வரின் முன்னிலையில் கேட்ட வார்த்தையை மறக்க முடியவில்லை என்றாள்.

அவரிடம் பேசிவிட்டுக் குருமனைக்குத் திரும்பிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவ்வாண்டுத் திருவிழாவுக்கு முன்னர், கோவிலில் பணிபுரியும் முதியவரிடம், "எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கி வேலை செய்யாதபோது பீடப் பணியாளரான சிறுவர்கள் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டவன் நான். ஒலிபெருக்கிக்காரரை அழைப்பது யார் என்று நான் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஆண்டு கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதி, தாளை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை அணிந்து இருமுறை வாசித்தார். "எல்லாம் சரி, சுவாமி. திருவிழா இரவு பக்கக் கதவைப் பூட்டுவது யார் என்று இதில் இல்லையே?" என்றார்.

வாயிற்காவலரை நான் மறந்துவிட்டிருந்தேன்.