கும்மிடிப்பூண்டி வரை நீளாத குடியுரிமை

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா பஜார். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போனால் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் வரும். அங்கே பர்மா நகர். அந்த ரயிலின் பயணம் முடிகிற கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். இந்த மூன்று இடங்களின் கதையும் கடல் கடந்து வந்த தமிழர்களின் கதைதான். ஆனால், பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாக்காளர்கள். முகாமுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளோ இன்னமும் அகதிகள். இரண்டு சமூகங்களுக்கும் இடையே இந்தப் பள்ளத்தை வெட்டியது அரசு கொடுத்த தாளும் கொடுக்க மறுத்த தாளும்தான். ஆகவே, அதை மூடவேண்டிய கடமையும் அரசுக்குத்தான் இருக்கிறது.

பர்மாவில் 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளும் வணிகமும் நாட்டுடைமையாயின. தலைமுறைகளாகச் சேர்த்ததை விட்டுவிட்டுத் தமிழர்கள் கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அரசு அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. 1969இல் பர்மா பஜார் உருவானது. அதே ஆண்டு அவர்களுக்காகவும் இலங்கையிலிருந்து திரும்பியோருக்காகவும் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. அவர்கள் தங்கள் பர்மிய வாழ்வை மறந்துவிட்டா சென்னைக்காரர்கள் ஆனார்கள்? பாரிமுனைத் தள்ளுவண்டியில் அத்தோ பிசைவதைப் பார்த்தால் விடை தெரியும். நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதிக்கும். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது இன்று தங்கள் ஊர்ச் சாப்பாடு. குடியுரிமை முதலில் வந்தது, ஒட்டுதல் பின்னால் வளர்ந்தது. இரண்டு ஊரை மனத்தில் வைத்திருப்பவர் ஒரு நாட்டுக்கு உண்மையான குடிமகனாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இலங்கையின் கதை இன்னும் கொடியது. ஆங்கிலேயர் காலத்தில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போன தமிழர்களை, சுதந்திரம் பெற்ற அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் இயற்றி நாடற்றவர்களாக்கியது அந்த நாடு. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே ‘இந்தியத் தமிழர்’ என்று பதியப்பட்டவர்கள் நீலகிரிக்கு வந்ததும் ‘சிலோன்காரர்’ ஆனார்கள். ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவர்களுக்காவது குடியுரிமை கிடைத்தது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடி, 1983க்குப் பின் போர் துரத்த அங்கிருந்து படகேறியவர்கள் அகதிகளாகவே நின்றுவிட்டார்கள். ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் பிறந்தவர்களில் கப்பலில் வந்தவர் குடிமகன். படகில் வந்தவர், 2003இல் திருத்தப்பட்ட சட்டத்தின் மொழியில், ‘சட்டவிரோதக் குடியேறி’. இந்திய வம்சாவளியினரைப் பதிவு மூலம் குடிமக்களாக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு இருக்கிறது. அந்தக் கதவை அடைப்பது இந்த முத்திரைதான். இவர்களை அப்படி நடத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் சொன்ன பிறகும் முத்திரை அழியவில்லை.

மாநில அரசு 2021இல் முகாம்களின் பெயரை மாற்றியது. புதிய வீடுகள் கட்டித் தருகிறது. ஒன்றிய அரசும் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கியது. இவற்றைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால், கருணை வேறு, உரிமை வேறு. 1987 ஜூலை 1இலோ அதற்குப் பிறகோ இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் மட்டும் ஒருவர் குடிமகன் ஆவதில்லை. முகாமில் 1990இல் பிறந்தவர் இங்கே படித்து, இங்கே பெயிண்ட் அடித்துப் பிழைத்து, இங்கே பிள்ளை பெற்றிருக்கிறார். அவருக்கு அரசு வேலையும் இல்லை, ஓட்டும் இல்லை. முகாமில் செக்கிங் என்றால் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கவேண்டும்.

பாதுகாப்புக்கு ஆபத்து என்பார்கள் சிலர். நாற்பது ஆண்டுகளாகக் கணக்கெடுக்கப்பட்டு, காவல்துறையின் கியூ பிரிவின் கண்காணிப்பிலேயே வாழ்கிறவர்களைப் பற்றி அரசுக்குத் தெரியாதது என்ன மிச்சம்? ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பது இன்னொரு வாதம். முகாமிலும் வெளியிலும் சேர்த்து இவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. மேலும், மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த மதச் சிறுபான்மையினருக்கு 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் வழி திறந்துவிட்ட பிறகு, முன்மாதிரியைக் காட்டி இவர்களைத் தடுப்பதில் நியாயம் இல்லை.

கனமான மறுப்பு தமிழர்களிடமிருந்தே வருகிறது: எல்லோரும் இங்கே குடியுரிமை பெற்றுவிட்டால் இலங்கையில் தமிழர் பலம் குறையும், நிலம் பறிபோகும் என்ற அச்சம். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால், அங்கே தமிழர் தொகையைக் காக்கும் பாரத்தை, அந்தத் தீவைக் கண்ணாலும் பார்க்காத கும்மிடிப்பூண்டிப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது என்ன நீதி? திரும்ப விரும்புகிறவர்களுக்கு நிலத்தோடும் பாதுகாப்போடும் வழி செய்வோம். இருக்க விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை கொடுப்போம். எது வேண்டும் என்பதைக் குடும்பம் குடும்பமாக அவர்களிடமே கேட்கவேண்டும். 1964இல் கேட்காமல் செய்ததன் பலனைத்தான் முகாம்களில் பலர் இன்றும் அனுபவிக்கிறார்கள். இந்த முறையாவது கேட்டுவிட்டுச் செய்வோம்.