துணைவரியும் அயற்பார்வையாளரும்: இரு இத்தாலியத் திரைப்படங்களை முன்வைத்து

இத்தாலிய நவயதார்த்தவாதத் திரைப்படங்களைச் சுவைக்க மொழி தடையன்று, முகங்களும் தெருக்களும் எவர்க்கும் புரியும் என்பது பரவலான கருத்து. எஞ்சும் குறையைச் சப்டைட்டில் எனப்படும் துணைவரி நீக்கிவிடுவதாகவும் நம்பப்படுகிறது. இந்நம்பிக்கை மறுபரிசீலனைக்குரியது.

லூக்கினோ விஸ்கோந்தியின் 'லா தெர்ரா ட்ரேமா' (1948) சிசிலித் தீவிலுள்ள ஆச்சி த்ரேத்ஸா என்னும் மீனவ ஊரில் படமாக்கப்பட்டது. நடித்தோர் அவ்வூர் மக்களே. பேசுவதும் அவ்வூர்ப் பேச்சே. சிசிலியில் இத்தாலிய மொழி ஏழைகளின் மொழியன்று எனப் படத்தின் தொடக்கக் குறிப்பே அறிவிக்கிறது. இதற்கு மூலமான 'இ மாலாவோல்யா' (1881) நாவலை ஜொவான்னி வெர்கா இத்தாலிய மொழியில்தான் எழுதினார். விஸ்கோந்தியோ மீனவரை அவர்தம் மொழியிலேயே பேசவிட்டார். பிற பகுதி இத்தாலியருக்கு அவ்வுரையாடல் விளங்காது என்பதால் பொது இத்தாலியத்தில் ஒரு விவரிப்புக் குரல் சேர்க்கப்பட்டது. ஆகவே மிலானில் அமர்ந்து பார்த்தவரும் ஒருவகையில் அயலாரே. துணைவரியோ இவ்விரு மொழிகளையும் பெரும்பாலும் ஒன்றாக்கித் தருகிறது. மொத்த வணிகரின் சுரண்டலை எதிர்க்கும் இளம் மீனவனின் குரலும், அவனைப் பற்றிக் கற்றோர் மொழியில் பேசும் குரலும் வேறுபாடற்றுப் போகின்றன. படம் காட்டும் வர்க்க இடைவெளியில் ஒரு பாதி ஒலியில்தான் இருக்கிறது.

ரொபெர்த்தோ ரோசெல்லினியின் 'பாய்சா'வில் (1946) நேரும் இழப்பு வேறுவகைப்பட்டது. சிசிலியில் நிகழும் முதற்பகுதியில் அமெரிக்கப் படைவீரன் ஜோவும் கார்மேலாவும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமலே உரையாடுகின்றனர். குடும்பப் புகைப்படத்தைக் காட்ட அவன் லைட்டரைப் பற்றவைக்க, அவ்வெளிச்சத்தைக் கண்டு எதிரி சுடுகிறான். இருவர் பேச்சையும் துணைவரியில் படிப்பவர் அவ்விருவரும் அறியாததை அறிந்தவராகிறார். அவர்களின் தடுமாற்றம் அவருக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றலாம். இப்பகுதியை ஒருமுறையேனும் துணைவரியின்றிக் காண்பது நன்று.

துணைவரியே வேண்டா என்பதன்று இங்கு வாதம். மொழி மாறுமிடத்தை எழுத்துருவாலோ நிறத்தாலோ சுட்டலாம். அது கடினமான செயலன்று. ஆய்வுலகில் நேரக்கூடிய பிழையே பெரிது. ஆங்கிலத் துணைவரியைத் தமிழாக்கி, அதனை அம்மீனவனின் கூற்றாக மேற்கோள் காட்டி நடையை ஆராயும்போது, ஆராயப்படுவது மொழிபெயர்ப்பாளரின் நடையே. அத்தகைய கட்டுரைகள் தாம் பயன்படுத்திய படப்பிரதி எது, துணைவரி எம்மொழியினது என்பவற்றையேனும் அடிக்குறிப்பில் தரவேண்டும்.