கட்டைவிரல் மூட்டுக்கு எந்த அறுவை?

கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவருக்குச் சாவி திருப்புவதே வதை. பட்டையும் ஊசியும் பயன் தராதபோதுதான் அறுவை சிகிச்சை.

1949இல் ஜெர்விஸ் விவரித்த முறை எளியது: தேய்மானத்துக்கு இடமான ட்ரப்பீசிய எலும்பை முழுமையாக அகற்றிவிடுதல். அவ்விடம் சுருங்கிக் கட்டைவிரல் கீழிறங்கிவிடுமோ என்ற அச்சத்தில், 1986இல் பர்ட்டனும் பெல்லக்ரினியும் முன்கைத் தசைநாணைக் கொண்டு கட்டைவிரலைத் தாங்கி, மிச்சத்தைச் சுருட்டி அவ்வெற்றிடத்தில் வைக்கும் முறையை முன்வைத்தனர். கவர்ச்சியான கருத்து, விரைவில் பரவவும் செய்தது. ஆயினும், சமவாய்ப்புச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, வலியிலோ செயல்திறனிலோ எந்த முறைக்கும் தெளிவான மேன்மை காணவில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் இடைவெளி அறுவையரை மகிழ்விக்கலாம். நோயாளியின் பிடிப்பு அதை நம்பி இருப்பதாகத் தெரியவில்லை.

மூட்டைப் பிணைத்துவிடும் முறை உடலுழைப்பாளருக்கு ஏற்றதென்பர். பிணைத்தபின் உள்ளங்கையைத் தட்டையாக விரிக்க இயலாது. தரையில் கையூன்றி எழுந்தே பழகிய இந்நாட்டு மக்களுக்கு அது சிறு குறையன்று. செயற்கை மூட்டு கையை விரைவில் தேற்றுகிறது. ஆனால் அது தளரலாம், விலகலாம், மறு அறுவையும் நேரலாம். பெரும்பாலோர் சொந்தப் பணத்தில் மருத்துவம் பார்க்கும் இந்தியாவில் அம்மறு அறுவையின் செலவை யார் ஏற்பது? எளிய முறையை விடுத்து மற்றொன்றைப் பரிந்துரைக்கும் மருத்துவரே அதற்கான காரணத்தை நோயாளிக்கு விளக்கக் கடமைப்பட்டவர்.