துடைத்தால் போச்சு! பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

புதுத் துப்பாக்கி வந்ததும் பழையதை ராணுவம் என்ன செய்யும்? கொஞ்சம் உருக்கும், கொஞ்சம் கிடங்கில் அடுக்கும், மீதியை மொத்த வியாபாரிகளுக்குத் தள்ளிவிடும். 'மிலிட்டரி சர்ப்ளஸ்' எனப்படும் இந்தச் சரக்குக்கு அமெரிக்காவில் பெரிய ரசிகர் கூட்டமே இருக்கிறது. வாங்கிய கையோடு இவர்களில் பலர் தேடுவது ஒரு பூதக்கண்ணாடியை. காரணம், இரும்பில் பொறித்திருக்கும் எண்களும் முத்திரைகளும்தான் அந்தத் துப்பாக்கியின் ஜாதகம்.

பெட்டி பெட்டியாக வந்த ரஷ்யச் சரக்கு

இந்த உலகில் பிரபலமான பெயர் மோசின் நாகாந்த். 1891-ல் ஜார் மன்னரின் ராணுவத்துக்காக உருவானது. சோவியத் காலத்திலும் தயாரிப்பு தொடர்ந்தது. மொத்தம் சுமார் 3.7 கோடி துப்பாக்கிகள் என்பது கணக்கு. பனிப்போர் முடிந்து கிடங்குகள் திறந்தபோது, 'காஸ்மோலின்' என்ற கெட்டியான கிரீஸ் அப்பிய நிலையில் பெட்டி பெட்டியாக அமெரிக்கா போய் இறங்கின. 2000-களில் நூறு டாலருக்குள்ளேயே ஒன்று கிடைத்தது. வரத்து குறைந்ததும் விலை பல மடங்கு ஏறிவிட்டது.

கட்சி மாறிய துப்பாக்கி

இதிலேயே ஃபின்லாந்து முத்திரை இருந்தால் மவுசு தனி. 1917 வரை ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த நாடு அது. ரஷ்யர்கள் விட்டுப்போனதையும், 1939-40 குளிர்காலப் போரில் சோவியத் படையிடமிருந்து பிடுங்கியதையும் ஃபின்லாந்து வீணாக்கவில்லை. பல துப்பாக்கிகளுக்குப் புது பேரலும் புதுக் கட்டையும் மாட்டி, செய்தவர்களுக்கு எதிராகவே திருப்பியது. சின்னக் கட்டத்துக்குள் 'எஸ்ஏ' என்ற எழுத்துகள் இருந்தால், அது ஃபின்லாந்து ராணுவத்தின் சொத்து என்று அர்த்தம்.

சுவாரஸ்யம் இன்னும் உள்ளே இருக்கிறது. போல்ட் ஓடும் இரும்புப் பகுதிக்கு ரிசீவர் என்று பெயர். கட்டையைக் கழற்றினால் ரிசீவரின் அடிப்பக்கம் அது தயாரான ஆண்டு தெரியும். அந்த ஆண்டு 1898 அல்லது அதற்கு முந்தையது என்றால், அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தின் பார்வையில் அது 'பழம்பொருள்'. பேரல் 1940-களில் மாட்டியதாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு ஆண்டு எண், சட்டத்தையும் மாற்றுகிறது, விலையையும் மாற்றுகிறது.

அழகுபடுத்தினால் அம்போ

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். கட்டை கறுத்துப்போயிருக்கிறதே என்று உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடிப்பார்கள். கட்டையில் இருந்த ஆய்வு முத்திரைகள் தூளோடு தூளாகப் போய்விடும். போல்ட்டிலும் பேரலிலும் ஒரே எண் இருந்தால் மதிப்பு அதிகம். சோவியத் பட்டறைகள் பழுதுபார்த்தபோது பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புது எண் பொறித்தன. அந்தக் கோடும் வரலாறுதான். அதையும் அழிக்கக்கூடாது.

சுடுவதிலும் ஆபத்து உண்டு. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் பற்றவைக்கும் மருந்து, பேரலுக்குள் உப்பை விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கவைக்கும். எண்ணெயில் அது கரையாது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்த்திய பிறகே எண்ணெய் போட வேண்டும்.

சட்டத்தை மாற்றிய ஒரு பார்சல்

1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட், பொய்ப் பெயரில் தபாலில் ஒரு துப்பாக்கி வாங்கினார். இத்தாலிய ராணுவம் கழித்துப்போட்ட கார்கானோ. தொலைநோக்கியோடு விலை 19.95 டாலர். அதே ஆண்டு நவம்பர் 22-ல் அதிபர் கென்னடியைக் கொன்றது அந்தத் துப்பாக்கிதான் என்றது விசாரணை ஆணையம். 1968-ல் வந்த சட்டம், தனிநபர்கள் தபாலில் துப்பாக்கி வாங்குவதற்குக் கடிவாளம் போட்டது. ராணுவ சர்ப்ளஸ் இறக்குமதியையும் தடுத்தது. 1984-ல்தான் சேகரிப்புக்கான பழைய ரகங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. பழம்பொருள் என்று பெயர் வைத்தாலும், தோட்டா போட்டால் அது ஆயுதமே.

நம்ம ஊர் த்ரீ நாட் த்ரீ

நம் போலீஸ் ஸ்டேஷன்களில் பார்த்துப் பழகிய .303 லீ என்ஃபீல்டும் இந்தக் குடும்பம்தான். உத்தரப்பிரதேச போலீஸ் அதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் தயாரானவற்றை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அவற்றில் பிரிட்டிஷ் கிரீடம் இருக்கிறதா, அசோகச் சிங்கங்கள் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்கும் விஷயம். ஆட்சி மாறிய கதையை அந்த இரும்பே சொல்லிவிடும்.

இந்தியாவில் இதையெல்லாம் ஆசைக்கு வாங்கி அடுக்க முடியாது. லைசென்ஸ் கட்டாயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்குப் பொதுவாக இரண்டு துப்பாக்கிகள்தான், முன்பு மூன்று. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடந்தால், உப்புத்தாளைத் தேடாமல் நேரே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். முத்திரையும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள்!