நெல்லா, ராகியா? மத்திகிரி பக்கம் தண்ணீர் போடும் கணக்கு

ஒரு குவிண்டால் ராகிக்கு 4,886 ரூபாய். சாதாரண ரக நெல்லுக்கு 2,369. மத்திய அரசின் 2025-26 ஆதரவு விலை இது. தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 சேர்த்தாலும் நெல் 2,500தான். அப்புறம் ஏன் தண்ணீர் இருக்கிறவங்க நெல் போடறாங்க?

விளைச்சல்தான் காரணம். பாசன நிலத்தில் ஏக்கருக்கு 20 குவிண்டால் நெல் என்று வைத்துக்கொள்வோம்: 50,000 ரூபாய். மானாவாரி ராகி 8 குவிண்டால் என்றால் 39,088. ஆனால் அந்த 11 ஆயிரம் வித்தியாசத்தில் பெரும்பகுதி நாற்று, நடவு, உரம், களைக்கூலிக்கே போய்விடும்.

இதில் தண்ணீருக்கு விலையே போடவில்லை, கவனிச்சீங்களா? ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தேவை என்கிறது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம். கெலவரப்பள்ளி அணையின் ஆயக்கட்டு என்றால் வாய்க்காலில் வரும் (பெங்களூரு கழிவின் நுரையோடு என்பது தனிக்கதை). மத்திகிரி, தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மேட்டு நிலத்துக்கு மழை, இல்லன்னா போர்வெல். நெல் கேட்கும் அளவுக்கு இங்கே மழை கிடையாது. பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசம்; போர் போடுவது இலவசமில்லை, ஆழம் கூடக்கூட கடனும் கூடும். அந்தத் தண்ணீரை நெல்லுக்கு விடுவதைவிட ரோஜா, தக்காளி, குடைமிளகாய்க்கு விடுவதே பலருக்குக் கட்டுப்படியாகிறது.

மிச்ச நிலத்துக்கு ராகி சரி. ஆனால் 4,886 முழுசாகக் கைக்கு வருவது அரசு கொள்முதல் நிலையத்தில் விற்றால்தான். வியாபாரி களத்துக்கே வந்து 3,500-க்குக் கேட்டால், அதே 8 குவிண்டால் 28,000 ஆகிவிடும்.