கவசம் இல்லாத வெட்டு

முதல் ஸ்டூல் செய்யக் கிளம்பியவருக்கு டேபிள் ரம்பம் பெரிய வரப்பிரசாதம். கை ரம்பத்தில் வியர்க்க வியர்க்க அறுப்பதை நொடியில் முடித்துவிடும். பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது பிளேடின் மேல் ஒரு கவசமும் மூடியிருக்கும்.

இணைப்பு வெட்டும்போதுதான் சிக்கல். இரண்டு கட்டைகளிலும் பாதிக் கனத்தை எடுத்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் ‘ஹாஃப் லாப்’ இணைப்பில், பிளேடு கட்டையின் மேல்பக்கம் வரை வராது. அதனால் பல மெஷின்களில் கவசத்தைக் கழற்றினால்தான் வெட்டவே முடியும். கட்டைக்கு அடியில் ஓடும் பிளேடு கண்ணுக்கும் தெரியாது. புதியவர் கை வைப்பது பெரும்பாலும் அதற்கு நேர் மேலேதான்! கட்டை தாண்டிப் போனதும் பிளேடு வெளியே வரும். கை அந்தக் கோட்டில் இருக்கவே கூடாது.

பிளேடுக்குப் பின்னால், அதைவிடச் சற்றுத் தாழ்வாக நிற்கும் தகட்டுக்கு ரைவிங் நைஃப் என்று பெயர். இது இந்த வெட்டுக்கு இடைஞ்சல் செய்யாது. கவசத்தோடு சேர்த்து இதையும் கழற்றிப் போடுவது வீண் வேலை. பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. கட்டை கோணலாகி அவற்றில் மாட்டினால், தள்ளுகிறவர் மீதே பாயும். பிடித்த கையையும் பிளேடுக்கு இழுக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. ஆனாலும் பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக நிற்பதே நல்லது.

18 மி.மீ. கட்டை என்றால் பிளேடின் உயரம் 9 மி.மீ. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அதே கனமுள்ள இரண்டு கழிவுத் துண்டுகளில் வெட்டிப் பொருத்திப் பார்த்தால், அரை மி.மீ. பிசகும் தெரிந்துவிடும். பிறகு கட்டையை மைட்டர் கேஜில், அதாவது குறுக்காகத் தள்ளும் பிடியில், அழுத்திச் சாய்த்து, பிளேடின் அகலம் அகலமாக நகர்த்தி வெட்டலாம். குட்டிக் கட்டை வேண்டாம். நீளக் கட்டையில் இணைப்பை வெட்டிவிட்டு, அப்புறம் நறுக்கிக்கொள்ளலாம். அப்படி நறுக்கும்போது பக்கத் தடுப்பான ஃபென்ஸை எட்டத் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கிப் பறக்கும்.

கண்ணாடி கட்டாயம். கையுறை மட்டும் கூடாது. பல்லில் மாட்டினால் கையையே இழுத்துவிடும். துப்பட்டா, வேட்டி நுனி, தொங்கும் செயின் எல்லாம் அதே கணக்குதான்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் பிளேடு சில நொடிகள் சுற்றும். அது நிற்கும்வரை, மேஜையில் கிடக்கும் சிம்பை எடுக்கக் கை நீளக் கூடாது.